ஆன்பொருநை மணலில் ஒரு தலைநகரம்

கரைவழி நாடு – 9

சென்ற இதழில் கூட்டாற்றில் நின்றோம். மறையூர்ப் பக்கத்து முனியறைக் கற்களைத் தாண்டி வரும் பாம்பாறும், காட்டுக்குள்ளிருந்து வரும் சின்னாறும் கைகோக்கும் இடம் அது. தேனாறும் வந்து சேர்ந்தபின் மூன்றும் தத்தம் பெயரை அணைநீரில் விட்டுவிடுகின்றன. மதகுக்கு இந்தப் பக்கம் ஒரே பெயர்தான், அமராவதி. இந்த வாரம் அந்தத் தண்ணீரோடு நடப்போம், கரூர் வரைக்கும்.

உடுமலையிலிருந்து தெற்கே 25 கி.மீ. போனால் அமராவதி நகர். பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் மூக்குக்கு எட்டுவது அணைமீன் வறுவல். சைனிக் பள்ளி மாணவர்கள் சாலையோரம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். 1962ல் தொடங்கிய பள்ளி அது. முதலைப் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தென்னிந்தியாவில் சதுப்புநில முதலைகள் காட்டில் பெருமளவில் வாழும் இடங்களுள் இந்த நீர்த்தேக்கம் முக்கியமானது. அதைக் காட்டிக் கொடுக்க வேறு யாரும் தேவையில்லை. பரிசலில் போகும் மீனவர்கள் கையை நீரில் விடாமல் உட்கார்ந்திருக்கும் விதமே சொல்லிவிடும்.

ஊர்ப் பெயரில் ‘நகர்’ இருக்கிறது. ஆனால் ஊருக்கு வயது குறைவு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1957ல், எழுந்த அணையோடு பிறந்த ஊர் இது. உண்மையான பழைய நகரம் ஆற்றின் மறுமுனையில் இருக்கிறது. சேரர்களின் தலைநகர் என்று பெயர் பெற்ற கருவூர் அது. பெயர் இந்த முனையில், நகரம் அந்த முனையில், நடுவில் ஆறு.

மதகடியில் பொதுப்பணித்துறை லஸ்கர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இங்கே திறக்கும் தண்ணீர் கரூர் போக எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

“ஆறு நனைஞ்சு கெடந்தா ரெண்டு மூணு நாளுங்க. காஞ்சு கெடந்தா ஒரு வாரங்கூட ஆகுமுங்க. மொதல்ல மணல் குடிக்கோணும், அப்பறந்தான் மனுசன்” என்றார்.

வரலாற்று நூல் எதிலும் இல்லாத இந்த வாக்கியத்தை மனத்தில் முடிந்துகொண்டு கிளம்பினேன். கரூரில் அது தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

எட்டு வாய்க்கால்

அணை வந்தது நேற்று. அதற்கு முன்பே இந்த ஆற்றில் ஊருக்கு ஊர் தடுப்பணை கட்டித் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. இந்த எட்டையும் இன்றும் ராஜவாய்க்கால்கள் என்றுதான் விவசாயிகள் சொல்கிறார்கள். பாசன அறிவிப்பு வரும்போதெல்லாம் ‘பழைய ஆயக்கட்டு’ என்ற சொல் நாளிதழில் வருகிறதே, அந்தப் பழையது இதுதான். புதிய ஆயக்கட்டையும் சேர்த்து திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் இந்த அணையை நம்பி இருக்கிறது.

வாய்க்கால் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘ராஜ’வாய்க்காலில் அரசன் இருக்கிறான். ‘சோழமாதேவி’யில் ஒரு பட்டத்தரசி இருக்கிறாள். ‘சர்க்கார்’ பிற்கால வருவாய்க் கணக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மடைதிறப்பு அறிவிப்பின் ஒரே வரியில் ஆயிரம் ஆண்டு ஆட்சிமாற்றங்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

இந்தத் தொடருக்குப் பெயர் தந்த கரைவழி நாடும் இதுவே. கொங்கு மண்டலத்தின் நாட்டுப் பிரிவுகளுள் ஒன்று அது. ஆற்றங்கரை வழியே நீண்டு கிடந்ததால் வந்த பெயர். கொழுமத்துத் தாண்டேஸ்வரர் கோயிலும், கடத்தூர் அர்ச்சுனேசுவரர் கோயிலும் இந்த வழியில்தான் இருக்கின்றன. அர்ச்சுனம் என்றால் மருதமரம். ஆற்றங்கரை மரத்தின் பெயரையே சாமிக்கு வைத்திருக்கிறார்கள். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் படித்த கண்ணோடு வெளியே வந்தால் எதிரே பச்சைநெல். கிருஷ்ணாபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நினைவூட்டும் கரும்பு வண்டிகள்.

தாராபுரத்தில் அதிகம் நிற்கவில்லை. பாண்டவர் மறைந்திருந்த விராடபுரம் இதுதான் என்பது ஊர்க்கதை. ஹைதர், திப்பு காலத்தில் மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மாறி மாறிப் பிடித்த கோட்டை இங்கே இருந்தது. 2009ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிலிருந்து உடுமலையும், ஈரோட்டிலிருந்து தாராபுரமும் வந்து சேர்ந்தன. ஒரே ஆற்றின் இரண்டு ஊர்கள் வேறு வேறு மாவட்டங்களாகப் பல காலம் பிரிந்திருந்து, இப்படித்தான் மறுபடி ஒரு வீட்டுக்குள் வந்தன.

வஞ்சி எங்கே?

கரூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, “சேரர் கோட்டை எங்கேங்க?” என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். மதில் இல்லை, அகழி இல்லை, அரண்மனை மேடு என்று காட்ட ஒன்றுமில்லை. ஜவகர் பஜாரில் நகைக்கடைகள். லைட்ஹவுஸ் கார்னரில் நெரிசல். நூல்மூட்டை ஏற்றிய வண்டிகள். ஊரின் அடியில் ஊர் புதைந்து கிடக்கிறது. மேலே உள்ளவர்கள் குடிபோகாததால், முழுதாகத் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை.

அதனால்தான் ஒரு பெரிய வழக்கு நெடுநாள் நடந்தது. சங்கப் பாடல்கள் சேரர் தலைநகராகச் சொல்லும் வஞ்சி எது? கரூரா, கேரளக் கரையில் கொடுங்கல்லூர்ப் பக்கமா? ரா. இராகவையங்கார் ‘வஞ்சி மாநகர்’ என்று ஒரு நூலே எழுதிக் கரூருக்காக வாதாடினார். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1940ல் ‘சேரன் வஞ்சி’ என்ற நூலில் மேற்குக் கரைக்காக வாதாடினார். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் தேவியோடு மலைவளம் காணப் போய்த் தங்கியது பேரியாற்றங்கரையில். அது மேற்கே ஓடும் ஆறு. கொடுங்கல்லூர் அருகே திருவஞ்சைக்களம் என்ற தலமும் இருக்கிறது. எதிர்த்தரப்பு வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

கரூர்த் தரப்பின் முதல் சாட்சி அயலான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்து நில அளவைக் கணக்கு எழுதிய தாலமி, முசிறியைக் கடற்கரைத் துறைமுகங்களோடு வைக்கிறார். ‘கரூரா’வை உள்நாட்டு ஊர்களோடு வைத்து, கேரளபுத்திரரின் அரசிருக்கை என்று குறிக்கிறார். துறைமுகம் வேறு, தலைநகர் வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் சாட்சி புறநானூற்றின் 36ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். ஆலத்தூர் கிழார் அவனைப் பார்த்துப் பேசுகிறார். ஆன்பொருநையின் வெண்மணல் மேட்டில் சிறுமிகள் பொன்னாலான கழங்கு ஆடிய இடம். இன்றைக்கு அங்கே கோடரி, காவல்மரங்களை வெட்டிச் சாய்க்கிறது. மரம் விழும் ஓசை உள்ளே அரண்மனையில் கேட்கிறது. கேட்டும் சேரன் வெளியே வராமல் இருக்கிறான். அப்படிப்பட்டவனோடு முரசறைந்து போர் செய்வது உனக்குத்தான் வெட்கம் என்கிறார் புலவர். சோழனைத் திட்டாமல், சேரனைப் பழித்து, முற்றுகையை எடுக்கச் சொல்லும் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு வேண்டியது ஊரும் ஆறும். கருவூர் முற்றுகை, அதன் கரையில் ஆன்பொருநை. ஆன்பொருநை என்பது அமராவதியின் பழம்பெயர்.

இன்றைக்கு ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் சமாதானம் இதுதான். சேரர் குடி ஒன்றல்ல. கடற்கரையில் குட்டுவர் கிளை. கொங்கில் பொறையர் கிளை. இரண்டு கிளைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய். முசிறியில் இறங்கிய சரக்கு கணவாய் வழியே வந்து, நொய்யல் கரைக் கொடுமணலைத் தொட்டு, கரூர் வந்து, காவிரியைப் பிடித்துப் பூம்புகார் போனது. இந்த வழி நெடுக ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்திருப்பது தற்செயல் அல்ல. உடுமலைக்குப் பக்கத்துப் பூதிநத்தத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களோடு.

மணல் கொடுத்த சாட்சி

மூன்றாம் சாட்சியை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வந்தது, ஆற்றிலிருந்து.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களிலும் பின்னர் 1990களிலும் கரூரில் அகழ்ந்தது. குழிகளில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த அம்போரா சாடிகளின் துண்டுகள், உருளைக்கோடு இட்ட வழவழப்பான பானையோடுகள், தமிழி எழுத்துக் கீறிய சில்லுகள் எல்லாம் கிடைத்தன. துறைக்குத் தலைமை வகித்த இரா. நாகசாமி பிறகு ‘ரோமன் கரூர்’ என்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

ஆனால் பெரிய வாக்குமூலம் அகழாய்வுக் குழியில் இல்லை. கரூரில் ஆற்று மணலை அரித்துப் பிழைத்தவர்கள் உண்டு. தட்டில் மண்ணை அள்ளி, தண்ணீரில் சுழற்றி, லேசானதை வழியவிட்டு, கனமானதைத் தங்க வைப்பார்கள். பொன் துணுக்கு கிடைத்தால் அன்றைக்குச் சோறு. அந்தத் தட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறிய செப்புக்காசுகளும் கருத்துப்போன வெள்ளிக்காசுகளும் தங்கின. பல உருக்குக்குப் போயிருக்கும். சில காசு சேகரிப்பவர்கள் கைக்கு வந்தன. அப்படிச் சேர்த்து, படித்து, அச்சில் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997ல் வந்தது. கரூரில் கிடைத்த, ரோமானியம் அல்லாத அயல்நாட்டுக் காசுகளுக்கென்றே 2000ல் இன்னொரு நூல் எழுதினார். செலூசிட் அரசின் காசும் பினீசிய நகரத்துக் காசும் கொங்கு நாட்டு ஆற்றில் கிடந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெள்ளிக்காசு, விரல்நகம் அளவு. நடுவில் பக்கவாட்டில் ஒரு முகம். எடுப்பான மூக்கு. ரோமானியக் காசில் அகஸ்டஸ் இருக்கும் தோரணையில்தான் இந்த முகமும் இருக்கிறது. ஆனால் தலைக்குமேல் விளிம்பை ஒட்டி வளைந்து போகும் எழுத்து லத்தீன் அல்ல, தமிழி. ‘மாக்கோதை’ என்று இருக்கிறது. கோதை என்பது சேரர் பெயர். அயல்நாட்டுக் காசு கைமாறிக் கைமாறிப் பழகிப்போன ஊரில், நம் காசும் அப்படி இருந்தால்தான் சந்தை மதிக்கும் என்று ஒரு சேரன் நினைத்திருக்கிறான்.

இப்போது அகநானூற்றின் 93ஆம் பாட்டுக்கு வாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. பொருள் தேடி முடித்த தலைவன், வீட்டுக்குப் போகலாம் வா நெஞ்சே என்கிறான். அவளை எத்தனை முறை தழுவுவானாம்? கோதையின் கருவூர்த் துறையில் ஆன்பொருநை குவித்து வைத்த மணலை விட அதிக முறை. எண்ண முடியாததற்கு உவமை தேடிய புலவர் கண்ணில் பட்டது இந்த ஊர் மணல். பாட்டில் கோதை, கருவூர், ஆன்பொருநை, மணல் நான்கும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே மணலை அரித்தவன் தட்டில் கோதை என்ற பெயர் தங்குகிறது. வஞ்சி வழக்கில் இதைவிட நல்ல சாட்சியை நான் கேட்டதில்லை.

பொன் வாணிகன் நத்தி

கரூருக்கு வடமேற்கே வேலாயுதம்பாளையம். புகளூர் என்றால் பலருக்கும் காகித ஆலைதான் நினைவுக்கு வரும். அதன் பக்கத்தில்தான் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயிலுக்குப் படியேறுபவர்கள் வழியில் இருக்கும் குகைத்தளத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாறையில் வழித்தெடுத்த கல் படுக்கைகள். அவற்றையொட்டித் தமிழி எழுத்துகள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேரரின் மூன்று தலைமுறை இங்கே கல்லில் இருக்கிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏறியபோது செங்காயபன் என்ற சமணத் துறவிக்கு அமைத்துக் கொடுத்த உறைவிடம் இது. பதிற்றுப்பத்தின் இறுதிப் பத்துகளின் அரசர்களோடு இந்த வரிசையை ஒப்பிட்டுக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன்.

எனக்குப் பிடித்தவன் அரசன் அல்ல. அதே குகையில் இன்னொரு படுக்கையைக் கொடுத்தவன் பெயர் இருக்கிறது: கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி. மூன்றே சொல்லில் ஊர், தொழில், ஆள். துறவி படுக்க ஒரு கல்லைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு, அதன் தலைமாட்டில் தன் முகவரியைப் பொறித்துப் போயிருக்கிறான். துணி வணிகனைத் தேடும் திருப்பூர் வாசகர்கள் மதுரைப் பக்கம் அழகர்மலைக்குப் போக வேண்டும். ‘அறுவை வணிகன்’ அங்கே கல்லில் இருக்கிறான். கொங்கிலும் நூற்பு இருந்தது. கொடுமணல் அகழாய்வில் சுட்டமண் தக்களி வில்லைகள் கிடைத்திருக்கின்றன.

நத்தியின் ஊரில்தான் 1916ல் கரூர் வைசியா வங்கியும் 1926ல் லட்சுமி விலாஸ் வங்கியும் பிறந்தன. இரண்டாவது 2020ல் அயல்நாட்டு வங்கியொன்றின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைந்து பெயரை இழந்தது. ஒரு நடுத்தர ஊர் இரண்டு வங்கிகளைப் பெற்றதெப்படி என்று வியப்பவர்கள், ஆறுநாட்டார் மலையில் சற்றுக் குனிந்து பார்த்துவிட்டு வரலாம்.

ஆனிலையும் கம்பமும்

ஊருக்குள் திரும்பினால் பசுபதீசுவரர் கோயில். காமதேனு வழிபட்டதால் ஆனிலை என்பது தலபுராணம். சம்பந்தர் பாடிய தலம். இங்கே பிறந்த கருவூர்த் தேவர்தான் தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் திருவிசைப்பாவில் பாடினார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊருக்குப் பெயர் முடிவழங்கு சோழபுரம். சேரன் முடிசூடிய ஊரைக் கையில் எடுத்த சோழர்கள், முடியை விடாமல் பெயரில் வைத்துக்கொண்டார்கள்.

எறிபத்த நாயனார் கதை நடந்ததும் இந்த ஊரில்தான். சிவகாமியாண்டார் கோயிலுக்குக் கொண்டுபோன பூக்குடலையை அரசனின் பட்டத்து யானை சிதறடித்தது. எறிபத்தர் மழுவால் யானையையும் பாகரையும் வீழ்த்தினார். ஓடிவந்த புகழ்ச்சோழர், இந்தக் குற்றத்துக்கு யானை போதாது என்று தம் வாளை நீட்டித் தம்மையும் கொல்லச் சொன்னார். அரசனின் யானை தெருவில் செய்த அட்டூழியத்துக்கு அரசனே தலைகொடுக்க வந்த கதையை ஊர் மறக்கவில்லை. பூக்குடலை விழா இன்றும் நடக்கிறது.

வைகாசியில் வந்தால் மாரியம்மன் திருவிழா. மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கம்பத்தைக் கோயில் முன் நட்டு, நாள் தவறாமல் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். கடைசி நாள் அந்தக் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாக எடுத்துப்போய் அமராவதியில் விடுவார்கள். ஊரே ஆற்றங்கரைக்கு நகரும் நாள் அது. பல ஆண்டுகளில் கோடையில் ஆறு வறண்டு கிடக்கும். கம்பம் மிதக்கவாவது தண்ணீர் வேண்டுமே என்ற கவலை, விழாவோடு சேர்ந்தே வரும் கவலை.

கடைசியில் துறை

மாலையில் பசுபதிபாளையம் பக்கம் ஆற்றில் இறங்கினேன். நக்கீரர் எண்ணமுடியாது என்று சொன்ன மணலை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சீமைக்கருவேல் புதர், களிமண் திட்டு, அங்கங்கே பாறை, ஓரமாக ஒரு சாக்கடை. வீடு கட்டவும் பாலம் கட்டவும் பல பத்தாண்டுகளாக அள்ளியதுபோக மிஞ்சியது இது. சாயப்பட்டறைக் கழிவின் காலம் ஒன்றும் இந்த ஊருக்கு இருந்தது. படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் கடல்கடந்து போயின. அவற்றின் சாயம் ஆற்றில் தங்கி, கீழ்க்கரைக் கிணறுகளில் ஏறியது. நொய்யலில் திருப்பூர் பட்ட பாடும் அதுவே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே ஊர் விழித்தது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் உண்டு.

மணல் போனதில் இரண்டு இழப்பு. மணலோடு சேர்ந்து எத்தனை மாக்கோதைகள் லாரியேறி, கலவை இயந்திரத்தில் விழுந்து, யார் வீட்டுச் சுவரில் இருக்கின்றனவோ. அகழாய்வுக் குழியை வேலிபோட்டுக் காக்கலாம். ஆற்றுப்படுகையை அப்படி யாரும் காக்கவில்லை. இன்னொன்று தண்ணீர். வெள்ளம் வந்தால் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் ஊற்றாகத் திருப்பித் தந்தது மணல்தான்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம், “ஊத்து தோண்டினா தண்ணி வருமாங்கம்மா?” என்று கேட்டேன்.

“நாங்க சின்னப்புள்ளையில கையால தோண்டுவோம் சாமி. முழங்கை ஆழத்துல கண்ணாடியாட்டம் நிக்கும். இப்ப எங்க? தோண்டுனா பாறைதான் வருது” என்றார்.

“மொதல்ல மணல் குடிக்கோணும்” என்று அமராவதி நகர் லஸ்கர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் அதைக் குறையாகச் சொன்னார். குடிக்க மணல் இல்லாத கரையில் நின்று கேட்டபோது அது குறையாகத் தெரியவில்லை.

இங்கிருந்து சிறிது தூரத்தில் திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியில் கலக்கிறது. மறையூர்க் காட்டில் மூன்று பெயரோடு புறப்பட்ட ஆறு, அங்கே நான்காவது பெயரையும் விட்டுவிடும். நாம் காவிரியோடு போகப்போவதில்லை. கரூரிலிருந்து மேற்கே திரும்பி, சேரர் காலச் சரக்கு வந்த வழியிலேயே நொய்யலைப் பிடித்துக் கொடுமணலுக்குப் போவோம். கல்மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் அடுத்த வாரம் காத்திருக்கிறார்கள்.

(தொடரும்)